இரண்டுக்கும் இடமில்லாத பெட்டி

கல்லாங்காட்டுப்புதூரில் செத்துப்போனவர்கள் ஏழு பேர் திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பொழுது சாய்கிற நேரம். அதற்குக் காரணம் தெய்வமும் இல்லை, செய்வினையும் இல்லை, மாரியம்மன் பூச்சாட்டுக்கு மைக் செட்டுக்காரர்களிடம் இரவல் போன ஒரு பேட்டரிதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பக்கத்து ஊர்க்காரர்கள் இதைப் பற்றி ஆளுக்கொரு கதை கட்டி விட்டிருக்கிறார்கள், அதில் ஒன்றிலாவது வசந்தாமணியின் பெயர் ஒழுங்காக வந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

நான் உரக்கடை வைத்திருப்பவன். என் கடைக்கு மேல்மாடியில்தான் மோகனசுந்தரமும் அவன் மனைவி வசந்தாமணியும் கேபிள் ஆபீஸ் நடத்துகிறார்கள். ஊரில் நானூற்றுச் சொச்சம் வீடு, இருபத்தாறு தறிக்குடோன், ஒரு பள்ளிக்கூடம், எல்லாவற்றின் இன்டர்நெட் வயரும் கடைசியில் அந்த மாடிக்கு வந்து ஒரு தகரப் பெட்டியில் செருகிக்கொள்ளும். அதற்கு ஸ்விட்ச் என்று பெயர். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை, யார் வீட்டுச் சேதி யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஊர்ப் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு பிரித்து அனுப்புகிற பெட்டி. கம்பத்தில் ஏறுவது மோகன், பெட்டியோடு பேசுவது வசந்தாமணி. அவள் பாலிடெக்னிக் படித்தவள், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக அது கேட்கிற கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுவாள்.

அவர்களுக்குத் தன்யா என்று ஒரு பெண் இருந்தாள். எட்டு வயது முடிய நாலு நாள் இருக்கும்போது டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பிறகு இரண்டு வருஷம் வசந்தாமணி யார் முகத்தையும் பார்த்துப் பேசியதில்லை, பெட்டியோடு மட்டும் பேசினாள். பிறகு சர்வின் பிறந்தான். ஒரு பிள்ளையின் இடத்தில் இன்னொரு பிள்ளை உட்காராது என்பது பெற்றவர்களுக்குத் தெரியும், ஆனாலும் மடி நிறைந்தது, கை ஓயாமல் வேலை இருந்தது, அவளும் படியிறங்கி என் கடைக்கு வந்து, "ஏனுங்கண்ணா, மழை வருமாட்ட இருக்குது" என்று நாலு வார்த்தை பேச ஆரம்பித்திருந்தாள். பையனுக்கு அப்போது ஐந்து மாதம்.

அந்தச் சமயத்தில்தான் பெட்டிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பெட்டிக்குள் ஓடுகிற எட்டாம் சாஃப்ட்வேரில் ஓட்டை இருக்கிறது, திருடர்கள் நுழையலாம், உடனே ஒன்பதாவதைப் போடுங்கள் என்று. செவ்வாய்க்கிழமை காலையில் வசந்தாமணி பையனைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஆரம்பித்தாள். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. கரண்ட் போனால் தாங்குவதற்கென்று மேஜைக்கடியில் இருக்கவேண்டிய பேட்டரி கோயிலில் ஆயிரங்கண்ணுடையாளைப் பாடிக்கொண்டிருந்தது. சாமி காரியத்துக்குக் கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது, மோகன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே தூக்கிக் கொடுத்திருந்தான். கரண்ட் திரும்பி வந்தபோது எட்டாவது அழிந்திருந்தது, ஒன்பதாவது அரைகுறையாய்க் கிடந்தது, பெட்டி தன் உள்ளறையெல்லாம் துழாவி, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓடிய ஏழாவதைக் கண்டுபிடித்து, அந்தக் காலத்துப் பெயர்ப்பட்டியலோடு எழுந்துகொண்டது. எல்லா விளக்கும் பச்சையாய் எரிந்தது. அப்பாடா என்று வசந்தாமணி டீ குடிக்கப் போனாள்.

பொழுதோடு ஐந்தரைக்கு என் பங்காளி சென்னியப்பன் கடைக்குள் வந்தான். அவன் செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது, கொள்ளிக்குடம் உடைக்கிற வரைக்கும் கூட நின்றவன் நான். வந்தவன் குசலம்கூட விசாரிக்கவில்லை. "நாளைக்குக் கெணத்துல என்ற மொறை. மோட்டார்ல கைய வெச்சீன்னா பாத்துக்க" என்றான். செத்தும் கிணற்றுப் பங்கை விடாதவன் என்று எனக்குக் கோபம்தான் வந்ததே ஒழிய, பயம் வரவில்லை. நாங்கள் வாய்ச்சண்டையில் இருக்கும்போதே, புத்தகப் பையும் ஒரு பக்கம் அவிழ்ந்த சடையுமாக ஒரு சிறுமி எங்களைத் தாண்டிப் படியேறிப் போனாள்.

மேலே என்ன நடந்தது என்பதை வசந்தாமணி பிறகு என் மனைவியிடம் சொன்னாள். "அம்மா, பசிக்குது" என்றதாம் பிள்ளை. டிபன் பெட்டியில் தக்காளிச் சாதம் இருந்தது. இவள் ஒன்றும் கேட்கவில்லை, எங்கே போனாய் என்று கேட்டால் போய்விடுவாளோ என்று பயம். கடைசிப் பருக்கைவரை ஊட்டி, வாய் துடைத்து, சடையைத் திரும்பப் பின்னிவிட்டு, அதற்குப் பிறகு பீரோவுக்குப் பின்னால் போய் நின்று, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாளாம்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், கல்யாண வீட்டுக்கு எதிர்பாராமல் ஒரு வேன் ஆள் கூடுதலாக வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி. ரேஷன் கடைக்காரர் செத்தவர்களுக்கு அரிசி போட உத்தரவு இல்லை என்றார், கிராம அலுவலர் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க விண்ணப்பப் படிவமே இல்லை என்றார், ஐயர் திதியெல்லாம் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார். தறிக்குடோன் பழனிச்சாமி பெண்டாட்டி செத்து உள்ளூரிலேயே வேறொருத்தியைக் கட்டியிருந்தான். மூத்தவள் ருக்மணி நேராக அடுப்படிக்குள் போய் நின்றாள், ஒரு வாரம் ஊரே அந்த வீட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தது, எட்டாம் நாள் இரண்டு பெண்களும் ஒட்டுக்காகச் சேர்ந்து பழனிச்சாமியை வைய ஆரம்பித்தார்கள், ஊர் நிம்மதியாகத் தூங்கியது. தன்யாவைத் தலைமையாசிரியர் பழைய மூன்றாம் வகுப்பிலேயே உட்கார வைத்தார். அவளோடு படித்ததெல்லாம் இப்போது ஆறாவதில், அவளை விட ஒரு சாண் உயரம். "எல்லாரும் என்னை உட்டுட்டு வளந்துட்டாங்கம்மா" என்று மட்டும் ஒரு நாள் சொன்னாளாம்.

திரும்பி வந்தவர்களுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. இந்த மூன்று வருஷத்தில் புதிதாய் வந்த எதுவும் அவர்கள் கண்ணுக்குப் படவில்லை. புதுப் பஸ் நிறுத்தத்துக்குள் நிற்காமல் வெயிலில் நின்றார்கள். தன்யா அம்மாவிடம், "ஏம்மா எப்பப் பாத்தாலும் கைய மடக்கி வெச்சுட்டே நிக்கற?" என்று கேட்டாள். அந்தக் கைக்குள் அவள் தம்பி இருந்தான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊரில் இருபத்து நாலு மணி நேரமும் தறி ஓடும், பக்கத்தில் நிற்பவனிடம் பேசக்கூடக் கத்தவேண்டும், அதனால் எங்களுக்குத் தெரிய பத்தொன்பது நாள் ஆயிற்று: இந்த மூன்று வருஷத்தில் ஊரில் பிறந்த பதினோரு குழந்தைகளும் அழும்போது சத்தம் வரவில்லை. வாய் திறக்கிறது, முகம் சிவக்கிறது, கண்ணீர் வழிகிறது, சத்தம் மட்டும் இல்லை. அங்கன்வாடி பாப்பாத்தி டீச்சர் மாதாந்திர எடை பார்த்தபோது சர்வினைத் தராசில் வைத்தாள், முள் அசையவே இல்லை. தராசுதான் கெட்டுவிட்டது என்று தன் செருப்பைக் கழற்றி வைத்துப் பார்த்தாள், அதற்கு நகர்ந்தது. வீட்டுக்கு வந்து தொட்டிலில் போட்டால், சேலை தொங்கவில்லை. உள்ளே பிள்ளை கிடக்கும்போதே காலித் தொட்டில் மாதிரி லேசாய் நின்றது.

வசந்தாமணி கெட்டிக்காரி, அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பழைய பட்டியலில் இந்தப் பதினோரு பேரும் இல்லை. பெட்டிக்கு இவர்களைத் தெரியாது.

கம்பெனியின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாள். எடுத்த பையன் பொறுமைசாலி. பெட்டியை அணைத்துப் போட்டீர்களா, வயரைக் கழற்றி மாட்டினீர்களா என்று வரிசையாய்க் கேட்டுவிட்டு, செத்தவர்கள் விஷயத்தைச் சொன்னதும், "தெரிஞ்ச பிரச்சனைதான் மேடம், வழிமுறைப் புத்தகத்துல பதினாறாம் பக்கத்துல போட்டிருக்கோம்" என்றான். "பின்னறையில இருக்கற ஏழாவதை அழிச்சுட்டு ஒன்பதாவதைப் போட்டீங்கன்னா சரியாயிடும்."

"ஏழாவதை அழிக்காமப் போட முடியாதுங்களா?"

"மெமரி பத்தாது மேடம். பழசையும் வெச்சுக்கிட்டுப் புதுசையும் போட அதுல எடமில்ல."

அவள் விட்டுவிடவில்லை. ஒரு வாரம் அவள் சோறு தின்று நான் பார்க்கவில்லை. பென் டிரைவில் புதியதை வைத்துச் செருகிப் பார்த்தாள், பெட்டி அதைக் கண்டுகொள்ளவில்லை. பழையதைச் சுருக்கிப் பார்த்தாள், சுருங்கவில்லை. வேண்டாத குறிப்பு, பழைய பதிவு என்று பெட்டிக்குள் இருந்த குப்பையெல்லாம் ஒவ்வொன்றாய் அழித்து இடம் தேடினாள், உள்ளங்கை அளவு இடம் கிடைத்தது, தேவைப்பட்டது ஒரு களம். கடைசியில் கோயமுத்தூரில் தெரிந்த காலேஜ் ஒன்றில் கெஞ்சி இன்னொரு பெட்டியை இரவல் வாங்கி வந்தாள். ஒன்பதாவது அதில், ஏழாவது இதில். ஊருக்கு வருகிற ஃபைபர் ஒன்றே ஒன்று, ஆகவே இரண்டையும் ஒன்றோடொன்று கோர்த்தால்தான் ஓடும். ஒரு வயரில் கோர்க்கச் சொல்லி மோகனிடம் கொடுத்தாள். அவன், ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டும் என்று இரண்டு வயரில் கோர்த்துவிட்டான்.

சேதி இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கும் அங்கிருந்து இதற்குமாகச் சுற்ற ஆரம்பித்தது, செக்குமாடு மாதிரி, நிற்க வழி தெரியாமல். ஊர் முழுக்க எல்லாம் இரண்டிரண்டாய், நான்கு நான்காய் நடந்தது. சென்னியப்பன் என் கடை வாசலில் ஒரே தும்மலை ஒன்பது முறை தும்மினான். மேலே தன்யா தொட்டிலைப் பார்த்து நின்றுவிட்டாள். "அம்மா, பாப்பா!" என்றாள். "அம்மா, பாப்பா! அம்மா, பாப்பா!" பையன் அவளைப் பார்த்துச் சிரித்தான், அதே சிரிப்பை மறுபடியும் மறுபடியும் சிரித்தான். அவள் விரலை அவன் பிடித்தான், பிடித்தான், பிடித்தான். வசந்தாமணி வாழ்நாளில் வேறெதுவும் கேட்டிருக்க மாட்டாள், அப்படியே சுற்றட்டும் என்று விட்டிருப்பாள், ஆனால் சூடு தாங்காமல் இரண்டு பெட்டியும் புகைய ஆரம்பித்தன, மோகன் வயரைப் பிடுங்குவதற்குள் இரவல் பெட்டி கருகிவிட்டது, இன்னொன்று எங்கும் கிடைக்கவில்லை. தன்யா தன் விரலைப் பார்த்துக்கொண்டு, "ஏம்மா அழுகற?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. ஏழு வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம், பதினோரு தாய்மார் ஒரு பக்கம். எனக்கு எங்கே உட்காருவது என்று தெரியாமல் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். ருக்மணியே எழுந்து, "நாங்க பாத்த வரைக்கும் பாத்துட்டமுங்க, பச்சக் கொழந்தைகளப் பாருங்க" என்றாள், பக்கத்தில் இருந்த இளையவள் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து ஓவென்று அழுதாள். பேசிப் பேசி, கடைசியில் ஊர் தன் கோழைத்தனத்தை நியாயம் மாதிரி மடித்துக் கொடுத்தது: இரண்டு பக்கமும் பிள்ளை இருக்கிறவள் வசந்தாமணி ஒருத்திதான், ஆகவே அவளே முடிவு சொல்லட்டும். நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மோகன் ஒரே பிடியாய் நின்றான். கம்ப்யூட்டரையும் பெட்டியையும் இணைக்கிற நீல வயரை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தான்.

"இன்னொரு புள்ள பெத்துக்கலாம். இவள மறுக்காப் பெக்க முடியுமா புள்ள?" என்றான்.

"இதையேதானுங்க மாமா இவ போனப்பவும் சொன்னாங்க, இன்னொன்னு பெத்துக்கலாம்னு" என்றாள் அவள். "அப்ப நீங்க அவங்கள அடிக்கப் போனீங்க."

ஆனாலும் அவன் வயரைக் கொடுக்கவில்லை. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. பேட்டரியைத் தூக்கிக் கொடுத்ததால்தான் மகள் கிடைத்தாள் என்று அவன் மனதுக்குள் அதை ஒரு புண்ணியமாக்கி வைத்திருந்தான்.

ஒடிசாவிலிருந்து நாலு வருஷத்துக்கு முன்னால் தறி ஓட்ட வந்த சஞ்சுக்தா என்கிற பெண் மறுநாள் காலை மாடியேறி வந்தாள். அவள் பிள்ளை பதினொன்றிலும் இளையது, பிறந்து நாற்பது நாள். கையை மடக்கி வைத்திருந்தாள். கைக்குள் ஒன்றும் இல்லை, கூட ஏறிப்போன நானும் பார்த்தேன், மோகனும் பார்த்தான்.

"இருக்கு அக்கா," என்றாள் அவள், தெரிந்த தமிழில். "கண்ணு பாக்கல. சூடு இருக்கு. தொட்டுப் பாரு."

வசந்தாமணி தொட்டுப் பார்த்தாள். மோகனைப் பார்த்தாள். மோகனும் வந்து கையை வைத்தான், அந்த ஒன்றுமில்லாத இடத்தில் வெகுநேரம் வைத்திருந்தான், பிறகு இடுப்பிலிருந்து நீல வயரை அவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டுத் தொட்டில் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான்.

மூன்று நாள் தவணை சொல்லியிருந்தாள், யார் யாருக்கு என்ன செய்யவேண்டுமோ செய்துகொள்ளட்டும் என்று. ருக்மணி இளையவளுக்கு, பழனிச்சாமிக்கு எந்த மாத்திரை எந்த வேளை என்று சொல்லிக்கொடுத்தாள். நான் சென்னியப்பனிடம், என் முறையையும் சேர்த்து நீயே பாய்ச்சிக்கொள் என்றேன். "நெசமாலுமா?" என்று கேட்டு, நம்பாமல் பார்த்து, பிறகு இரண்டு நாளும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தண்ணீர் கட்டினான். உயிரோடு இருந்தபோதே ஒருமுறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. தன்யாவுக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி, தலைக்கு ஊற்றி, இரட்டைச் சடை போட்டு, அவள் கேட்ட இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் கொடுத்து, மாடிக்கு அழைத்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள் வசந்தாமணி. பேட்டரி பத்திரமாய் மேஜைக்கடியில் இருந்தது. கோயிலிலிருந்து அன்றைக்கும் கேட்டு வந்தார்கள், நான்தான் கீழேயே மறித்துத் திட்டி அனுப்பினேன்.

முதலில் ஏழாவதை அழித்தாள். அழித்தாலும் அது உடனே நின்றுவிடாது. பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடும்வரை பழையதுதான் மூச்சுக்கட்டி ஓடிக்கொண்டிருக்கும். பிறகு ஒன்பதாவது ஏறியது. பதினான்கு நிமிஷம். அந்தப் பதினான்கு நிமிஷமும் தன்யா பேசிக்கொண்டே இருந்தாள், சைக்கிள் வேண்டும், பிங்க் கலர் வேண்டாம், பெருமாநல்லூர் சித்தி வீட்டுக்கு எப்போது போகலாம் என்று. இவள் எல்லாவற்றுக்கும் ஆகட்டும் சாமி, ஆகட்டும் சாமி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏறி முடிந்தது. திரையில் ஒரு வரி வந்து நின்றது. தன்யா மூக்கைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "டூ யூ வான்ட்... டு... கன்டின்யூ. அம்மா, தொடரலாமான்னு கேக்குது."

"ஆமா சாமி."

"ஒய் அமுக்கணுமா? நான் அமுக்கட்டா?"

"வேண்டாங் கண்ணு," என்றாள் வசந்தாமணி. "இது அம்மா அமுக்கணும்."

மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை, கால் தரையைத் தொட்டது. அவள் உச்சந்தலையில் முகத்தை வைத்து, சீயக்காய் வாசத்தை ஒரு மூச்சு முழுக்க இழுத்துக்கொண்டு, ஒரு கையால் அவளைக் கட்டிக்கொண்டு, இன்னொரு கையால் அமுக்கினாள். பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. கட்டியிருந்த கை கட்டியபடியே இருந்தது.

ஆறு நிமிஷம் கழித்து விளக்குகள் பச்சையாய் எரிந்தன, ஊரில் பதினோரு குழந்தைகள் ஒரே நேரத்தில் வீறிட்டு அழுதன, அத்தனை தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. எங்கள் தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். வசந்தாமணிக்கு ரவிக்கை நனைந்து பால் வழிந்தது, ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை, எழுந்தால் மடி கலைந்துவிடும். மோகன்தான் பையனைத் தூக்கிக்கொண்டான்.

நாலு நாள் போயிற்று. சோறு கொடுத்துவிட்டு வரும்படி என் மனைவி சொல்லி, நான் தூக்குப்போசியோடு மேலே போயிருந்தேன். பையன் மோகன் தோளில் கிடந்து அழுதுகொண்டிருந்தான். போன் அடித்தது. கம்பெனியிலிருந்து ஒரு பெண், நல்ல குரல், எழுதி வைத்ததைப் படிக்கிற குரல்.

"உங்க புகார் சம்பந்தமாக் கூப்பிடறேன் மேடம். பிரச்சனை தீர்ந்துருச்சா?"

"தீந்துருச்சுங்க."

"புது சாஃப்ட்வேர் நல்லா ஓடுதா?"

"ஓடுதுங்க."

"அப்ப புகாரை மூடிடறேன் மேடம்." கொஞ்சம் நிறுத்தி, படிப்பதை விட்டுவிட்டு, மனுஷியாய்க் கேட்டாள். "பின்னால பாப்பா அழற சத்தம் கேக்குது. உங்க குழந்தையா மேடம்?"

"ஆமாங்க."

"எத்தன குழந்தைங்க உங்களுக்கு?"

பையன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த மோகனின் கை நின்றது. நான் போசியைப் பிடித்தபடி கதவோரம் நின்றேன்.

"ரெண்டுங்க," என்றாள் வசந்தாமணி. "மூத்தது பொண்ணு."